பழைய வீட்டுச் சுவரில் விரிசலா? சிமென்ட் பூசும் முன் இதைப் படிங்க!

லீவுக்கு ஊருக்குப் போறீங்க. தாத்தா காலத்து வீட்டுச் சுவரில் புதுசா ஒரு விரிசல். ‘கொஞ்சம் சிமென்ட் வெச்சு அடைச்சிடலாம்’ என்று யாராவது சொல்வார்கள். அவசரப்படாதீங்க!

சிமென்ட் ஏன் வேண்டாம்?

பழைய வீடுகள் பலவற்றில் இருப்பது சுண்ணாம்புப் பூச்சு. சுவரில் ஏறும் ஈரம் அதன் வழியாக ஆவியாகிவிடும். சிமென்ட் அந்த வழியை அடைத்துவிடும். ஈரம் உள்ளேயே தங்கி, சுற்றியுள்ள பூச்சும் உப்புப் பூத்து உதிரும்.

முதலில் என்ன செய்யணும்?

விரிசலின் இரு முனைகளிலும் பென்சிலால் கோடு போட்டு, தேதி எழுதுங்க. அடுத்த சில மாதங்களில் விரிசல் கோட்டைத் தாண்டினால் பிரச்னை பூச்சில் மட்டும் இல்லை. சுவரே அசைகிறது என்று சந்தேகப்படணும். ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக ஓடினாலோ, 5 மி.மீ.க்கு மேல் அகலமாக இருந்தாலோ காத்திருக்காதீங்க. சிவில் இன்ஜினீயரிடம் காட்டுங்க. பூசி மறைத்தால் ஆபத்தையும் சேர்த்தே மறைக்கிறீங்க.

மெல்லிய விரிசல்தானா?

சுற்றிலும் தட்டிப் பாருங்க. பொள்ளல் சத்தம் வரும் இடத்தில் பூச்சைக் கொத்தி எடுக்கணும். விரிசலைக் கொஞ்சம் அகலப்படுத்தி, தூசி நீக்கி, தண்ணீர் தெளிக்கணும். 1 பங்கு சுண்ணாம்பு, 3 பங்கு சலித்த மணல் கலந்த சாந்தால் அடைக்கணும். சுண்ணாம்பு கண்ணில் பட்டால் புண்ணாக்கும். கண்ணாடி, கையுறை கட்டாயம். சில நாள்கள் ஈரம் காயாமல் பார்த்துக்கணும். கடைசியில் பிளாஸ்டிக் பெயின்ட் வேண்டாம், வெள்ளையடிச்சாலே போதும்!