மன்னாரிலிருந்து இரு கரைகள்: மண்டபமும் புத்தளமும்

1990ஆம் ஆண்டில், சில மாத இடைவெளியில், மன்னார்த் தீவும் அதை ஒட்டிய பெருநிலக் கரையும் இரு தடவை தம் சனத்தை இழந்தன. ஜூன் மாதம் இரண்டாம் ஈழப்போர் மூண்டதும் தலைமன்னார், பேசாலை எனக் கரையோரம் நெடுகிலுமிருந்து தமிழர்கள் வள்ளமேறி இராமேசுவரம் போனார்கள். ஒக்டோபர் இறுதியில் விடுதலைப் புலிகளின் கட்டளையால் மாவட்டத்து முஸ்லிம்கள் அனைவரும் வெளியேற்றப்பட்டார்கள். அவர்களில் பெரும்பாலோர் புத்தளத்தில் போய்ச் சேர்ந்தார்கள். முதலாவது பகுதியினர் அயல்நாட்டில் அகதியானார்கள். இரண்டாவது பகுதியினர் சொந்த நாட்டுக்குள்ளேயே, ஒரு மாவட்டம் தள்ளி அகதியானார்கள். முப்பது ஆண்டுகளுக்குப் பிந்திய அவர்களது பொருளாதார நிலையை அருகருகே வைத்துப் பார்த்தால், யாருக்கு எவ்வளவு நிவாரணம் கிடைத்தது என்பதைவிட, யாரால் தம் பெயரில் ஒரு துண்டுக் காணியை எழுதிக்கொள்ள முடிந்தது என்பதே பெரிய வித்தியாசத்தை உண்டாக்கியிருப்பது தெரியும்.

போகுமுன் இரு சமூகங்களும் ஒரே மாதிரியான பிழைப்பில் இருந்தவை. பேசாலையின் கத்தோலிக்க மீனவர்களுக்கு வள்ளமும் வலையும் சொத்து. கட்டுக்கரைக் குளத்தின் கீழ் நெல் விதைத்தவர்களுக்கு வயல் சொத்து. முசலிப் பகுதி முஸ்லிம்களும் நெல்லையும் மாட்டையும் நம்பி வாழ்ந்தவர்களே. சிலாவத்துறை, மறிச்சுக்கட்டிப் பக்கம் மீன்பிடியும் இருந்தது. எருக்கலம்பிட்டி மட்டும் சற்று வேறு. அந்த ஊரார் கொழும்பு வரை வியாபாரத் தொடர்பு வைத்திருந்தவர்கள். இன்னொரு பிரிவையும் கணக்கில் சேர்க்க வேண்டும்: 1977, 1983 வன்செயல்களுக்குப் பின் மலைநாட்டிலிருந்து வன்னிக்கு வந்து குடியேறிய தோட்டத் தொழிலாளர் குடும்பங்கள். சொந்தக் காணி இல்லாமல் கூலிக்கு உழைத்தவர்கள் இவர்கள். 1990இல் இவர்களிலும் பலர் கடல் கடந்தார்கள். தமிழ்நாட்டு முகாம்களில் இன்றும் கணிசமான பங்கினர் இந்திய வம்சாவளியினர்தாம்.

கையில் என்ன கொண்டுபோனார்கள் என்பதிலிருந்து கணக்கு தொடங்குகிறது. தமிழர்கள் நகையை விற்று வள்ளக் கூலி கொடுத்தார்கள். தனுஷ்கோடிக்கு எட்டுமுன் மணல்தீடையில் இறக்கிவிடப்பட்டு, தண்ணீரின்றிக் காத்திருந்து கரை சேர்ந்தவர்கள் பலர். எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்தாலும், எதை எடுத்து வருவது என்று தாமே முடிவெடுக்கும் அவகாசமாவது அவர்களில் சிலருக்கு இருந்தது. முஸ்லிம்களுக்கு அதுவும் இல்லை. மன்னாரில் ஒரு குடும்பத்துக்கு ஐந்து பயணப் பைகள், 2,000 ரூபா, ஒரு பவுன் நகை, அவ்வளவுதான் அனுமதி. யாழ்ப்பாணத்தில் அதையும்விடக் குறைவு. வீடு, கடை, மாடு, வள்ளம், நெல் மூட்டை, காணி உறுதி எல்லாம் பின்னால் நின்றுவிட்டன. தீவிலிருந்தவர்கள் படகுகளில் கற்பிட்டிக்கு அனுப்பப்பட்டார்கள். வடக்கின் ஐந்து மாவட்டங்களிலிருந்தும் வெளியேற்றப்பட்ட சுமார் 75,000 பேரில் மன்னார்க்காரரே அதிகம். ஒரு சமூகத்தின் முழு மூலதனமும் சில நாட்களுக்குள் பறிக்கப்பட்ட இந்த நிகழ்ச்சி, தமிழில் எழுதப்பட்ட போர் வரலாறுகளில் பெறவேண்டிய இடத்தை இன்னும் பெறவில்லை. எருக்கலம்பிட்டியில் பிறந்த பேராதனைப் பல்கலைக்கழகப் புவியியல் அறிஞர் எஸ். எச். ஹஸ்புல்லா, 2018இல் காலமாகும் வரை இந்த இழப்பை ஊர் ஊராகப் பதிவு செய்துவந்தார். அவருடைய உழைப்பு இல்லாவிட்டால் இழந்த சொத்தின் அளவுகூட இன்று தெரிந்திருக்காது.

இராமேசுவரம் வந்த தமிழர்கள் முதலில் மண்டபம் முகாமுக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். அந்த முகாமுக்கு ஒரு பழைய வரலாறு உண்டு. பிரித்தானியர் காலத்தில் இலங்கைத் தோட்டங்களுக்குப் புறப்பட்ட தமிழ்நாட்டுக் கூலிகளைத் தொற்றுநோய்த் தடுப்புக்காகத் தங்கவைத்த இடம் அது. 1914இல் தனுஷ்கோடி–தலைமன்னார் கப்பல் சேவை தொடங்கிய பின் ஆயிரக்கணக்கானோர் அதன் வழியாகவே மன்னாருக்குப் போனார்கள். அவர்களுடைய பேரப்பிள்ளைகளில் சிலர் அகதிகளாகத் திரும்பி வந்து நின்றதும் அதே வாசலில்தான்.

1983 முதல் வெவ்வேறு கட்டங்களில் தமிழ்நாடு வந்த இலங்கைத் தமிழர் ஏறத்தாழ 3 லட்சம் பேர். 1992 முதல் 1995 வரை ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் திருப்பி அனுப்பப்பட்டார்கள். சிலர் மேற்கு நாடுகளுக்குப் போனார்கள். சிலர் 2002க்குப் பிறகும் 2009க்குப் பிறகும் தாமாகவே ஊர் திரும்பினார்கள். 2021ஆம் ஆண்டுக் கணக்கில் நூற்றுக்கும் மேற்பட்ட முகாம்களில் சுமார் 58,800 பேரும், காவல்நிலையத்தில் பதிந்து வெளியே வாழ்வோராகச் சுமார் 34,000 பேரும் இருந்தார்கள். முகாம் வீடுகள் பலவும் பத்தடிக்குப் பத்தடி அறைகளாகத் தொடங்கியவை. தற்காலிகம் என்று கட்டப்பட்ட அறையில் பிறந்த பிள்ளை அதே அறையிலிருந்து கல்யாணமாகிப் போனது.

நிவாரண ஒழுங்கைப் பொறுத்தவரை தமிழ்நாடு குறிப்பிடத்தக்க அளவு செய்திருக்கிறது. மாதாந்தப் பணக்கொடை, அரிசி, அரசுப் பள்ளியில் இலவசக் கல்வி, அரசு மருத்துவமனை, பின்னாளில் மாநில அரசின் நலத்திட்டங்கள் பலவும் முகாமுக்குள் வந்தன. 2021 ஓகஸ்டில் முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் 317.40 கோடி ரூபாய்த் திட்டத்தைச் சட்டமன்றத்தில் அறிவித்தார். குடும்பத் தலைவருக்கான மாதக் கொடை 1,000 ரூபாயிலிருந்து 1,500 ஆகவும், மற்றப் பெரியவர்களுக்கு 750இலிருந்து 1,000 ஆகவும், பன்னிரண்டு வயதுக்குட்பட்டோருக்கு 400இலிருந்து 500 ஆகவும் உயர்ந்தது. சிதைந்த 7,469 வீடுகளுக்குப் பதிலாகப் புதிய வீடுகள் கட்டும் வேலையும் தொடங்கியது. முகாம்களின் பெயர் ‘இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்’ என்று மாறியது.

ஆனாலும் அந்த வீட்டின் உறுதி குடியிருப்பவர் பெயரில் இல்லை. முகாம் வாழ்வின் பொருளாதாரம் முழுவதும் இந்த இடத்தில்தான் முட்டி நிற்கிறது. 1955ஆம் ஆண்டின் இந்தியக் குடியுரிமைச் சட்டம் 2003இல் திருத்தப்பட்ட பின், உரிய பயண ஆவணம் இல்லாமல் வந்தவர் சட்டவிரோதக் குடியேறி. 2019ஆம் ஆண்டுத் திருத்தம் மூன்று அயல்நாடுகளைச் சேர்ந்தவர்களுக்கு வழி திறந்தபோது இலங்கை அந்தப் பட்டியலில் இடம்பெறவில்லை. அதனால் அரசு வேலை கிடையாது. காணி வாங்கிப் பதிவதோ, ஈடு வைத்து வங்கிக் கடன் பெறுவதோ, தம் பெயரில் தொழில் உரிமம் எடுப்பதோ நடைமுறையில் முடியாத காரியங்கள். அதிகாரிகள் வந்து ஆள் எண்ணும் நாளில் முகாமில் இருக்க வேண்டும். இல்லையேல் கொடை வெட்டப்படும். இதனால் தூரத்து ஊரில் நிரந்தர வேலை எடுப்பதும் சிரமம். மீனவர் நிலை இன்னும் மோசம். கடலோரத்தில் வாழ்ந்தாலும் மீனவர் அடையாள அட்டையோ படகுப் பதிவோ இல்லாதவருக்குக் கடல் திறந்திருக்கவில்லை. வலை இழுத்த கைகள் பெயிண்ட் பிரஷ் பிடித்தன. முகாம் ஆண்களில் மிகப் பலருக்குக் கட்டடங்களுக்கு வண்ணம் பூசுவதே தொழில். நாட்கூலி குறைவில்லை, ஆனால் மழைக்காலத்தில் வேலை இல்லை, சாரத்திலிருந்து விழுந்தால் கேட்பாரும் இல்லை.

கல்வியில் மட்டும் ஒரு வாசல் திறந்தது. ச.செ. சந்திரகாசன் 1984இல் தொடங்கிய ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகம் முகாம்தோறும் மாலை வகுப்புகளையும் உயர்கல்வி உதவியையும் ஒழுங்கு செய்தது. பேசாலையிலோ அடம்பனிலோ பத்தாம் வகுப்பு தாண்டாத பெற்றோரின் பிள்ளைகள் பொறியியல் பட்டதாரிகளானார்கள். பட்டம் வாங்கியபின் சிலருக்கு நிறுவனங்களில் வேலை கிடைத்தது. ஆவணம் கேட்கும் இடங்களில் பலர் திரும்பி வந்து அப்பாவோடு பெயிண்ட் அடிக்கப் போனார்கள். படிப்பு வருமானமாக மாறாத வேதனை முகாம்களில் மிக ஆழமானது. பிள்ளைகள் இடையில் பள்ளியை விட்டு விலகுவதற்கும் அதுவே ஒரு காரணம்.

புத்தளத்தின் கதை எதிர்த்திசையில் ஓடுகிறது. கற்பிட்டியில் வந்திறங்கியவர்களை முதலில் தாங்கியது அந்த மாவட்டத்து முஸ்லிம்களின் பள்ளிவாசல்களும் வீடுகளும். பிறகு தென்னந்தோப்புகளில் கிடுகுக் குடிசைகள் எழுந்தன. அரசு கொடுத்தது உலர் உணவு. பணத்தின் மதிப்பு வீழ்ந்த அளவுக்கு அந்தப் பங்கீடு உயரவில்லை. தமிழ்நாட்டைப் போல ஒரு மாநில அரசு பொறுப்பெடுத்து நடத்திய ஒழுங்கு இங்கே இருந்ததில்லை. சர்வதேசப் பார்வையும் குறைவு: எல்லை தாண்டியவருக்கு அகதி என்ற தகுதி உண்டு, தாண்டாதவர் ‘உள்ளக இடம்பெயர்ந்தோர்’ மட்டுமே. வேலைக்கு இருந்தவை கற்பிட்டியின் வெங்காயத் தோட்டங்கள், உப்பளங்கள், இறால் பண்ணைகள், தென்னந்தோட்டக் கூலி. ஒரே நேரத்தில் பல்லாயிரம் பேர் வேலை தேடி நின்றதால் கூலி விழுந்தது. முசலியில் சொந்த வயலில் ஆள் வைத்து அறுத்த குடும்பத்துப் பெண்கள், மற்றவர் தோட்டத்தில் வெங்காயம் பிடுங்கினார்கள். பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, குடிதண்ணீர் எல்லாவற்றிலும் நெருக்கடி ஏற்பட்டபோது, வரவேற்ற உள்ளூர் மக்களுக்கும் வந்தவர்களுக்கும் இடையே கசப்பு வளர்ந்தது. ‘அகதி’ என்ற சொல் ஏச்சாகவே பயன்பட்டது. ஏழ்மையான ஒரு மாவட்டம் தன் தலைக்கு மேல் பாரம் சுமந்ததன் விளைவு அது. எந்தப் பக்கத்தையும் குறை சொல்லிப் பயனில்லை.

இத்தனைக்கும் நடுவே, தமிழ்நாட்டு முகாமில் முடியாத ஒன்று புத்தளத்தில் நடந்தது. இவர்கள் நாட்டின் பிரஜைகள். சேர்த்த பணத்தில் பத்து பேர்ச், அதற்கும் குறைவான துண்டுக் காணிகளை வாங்கினார்கள். ஊர் ஊராகச் சேர்ந்து வாங்கி, விட்டுவந்த ஊரின் பெயரையே புதிய குடியிருப்புக்கும் பள்ளிக்கூடத்துக்கும் வைத்தார்கள். பாலாவிக்கு அருகே நாகவில்லு இப்படி ஒரு புதிய எருக்கலம்பிட்டியானது. 2007இல் உலக வங்கி 32 மில்லியன் டொலர் கடனுதவியோடு புத்தளம் வீடமைப்புத் திட்டத்தைத் தொடங்கியபோது, காணிக்கு உறுதி உள்ளவர்களே தவணை தவணையாகப் பணம் பெற்றுக் கல்வீடு கட்டினார்கள். காணி வாங்க முடியாதவர் குடிசையிலேயே நின்றார். அந்த வகையில் இடம்பெயர்ந்த சமூகத்துக்குள்ளேயே ஒரு கோடு விழுந்தது. கொழும்பில் கடையோ உறவோ வைத்திருந்த குடும்பங்கள் முன்னே போயின. முசலி விவசாயிகளில் பலர் கூலிகளாகவே தங்கிவிட்டார்கள்.

பிரஜாவுரிமை இன்னும் இரண்டு வழிகளைத் திறந்தது. ஒன்று கடவுச்சீட்டு. புத்தளத்துக் குடிசைகளிலிருந்து ஏராளமான பெண்கள் வீட்டுப் பணிக்கு மத்திய கிழக்குக்குப் போனார்கள். அந்த உழைப்பு பல வீடுகளுக்குச் சுவரும் கூரையும் ஆனது. தாய் இல்லாமல் வளர்ந்த பிள்ளைகளின் துயரத்தையும் அதே கணக்கில் எழுத வேண்டும். முகாம் தமிழருக்கு வளைகுடாவுக்குச் சட்டப்படி போகும் வழி அநேகமாக இல்லை. தவிப்பு தாங்காதவர்கள் அவுஸ்திரேலியா போகும் படகுகளுக்குப் பணம் கட்டி மோசம் போனார்கள். மற்றது வாக்கு. புத்தளத்தில் இருந்துகொண்டே மன்னார் வாக்காளர்களாக நின்றதால் இவர்களின் குரல் நாடாளுமன்றம் வரை போனது. வெளியேற்றப்பட்டவர்களில் ஒருவரான ரிஷாட் பதியுதீன் வன்னி மாவட்ட உறுப்பினராகி, மீள்குடியேற்ற அமைச்சராகவும் இருந்தார். முகாம் தமிழருக்கு இராமநாதபுரத்திலும் வாக்கில்லை, மன்னாரிலும் வாக்கில்லை. இராஜீவ் காந்தி கொலைக்குப் பின் 1991இல் அவர்கள் மேல் விழுந்த கட்டுப்பாடுகளை எதிர்த்துப் பேச, அவர்களால் தேர்ந்தெடுக்கப்பட்ட ஒருவர்கூட எந்தச் சபையிலும் இருக்கவில்லை.

2009இல் போர் முடிந்தது. திரும்பிப் போவது என்ற கேள்வி இரு பக்கமும் எழுந்தது. பதில் இரு பக்கமும் ஏறக்குறைய ஒன்றே: எளிதல்ல. இருபது ஆண்டு கிடந்த காணி காடாகியிருந்தது. புத்தளத்தில் வீடும் பள்ளிக்கூடமும் அமைந்துவிட்டவர்கள் இரண்டு இடத்திலும் காலூன்றினார்கள்: விதைப்புக்கு மன்னார், படிப்புக்குப் புத்தளம். இதனால் இரு மாவட்டத்திலும் உதவிப் பட்டியலிலிருந்து விழுந்தவர்களும் உண்டு. 1981இல் மன்னார் மாவட்டத்தில் நாலில் ஒரு பங்குக்கு மேலிருந்த முஸ்லிம்கள், 2012 கணக்கெடுப்பில் ஆறில் ஒரு பங்கு அளவுக்கே இருந்தார்கள். மறிச்சுக்கட்டி, கரடிக்குளிப் பக்கத்துப் பழைய ஊர் நிலங்கள் 2012இல் ஒதுக்குக் காடாக அறிவிக்கப்பட்டதால், திரும்பி வந்தவர்கள் வில்பத்துக் காட்டை அழிப்பவர்கள் என்ற பழியைச் சுமந்தார்கள். தமிழ்நாட்டிலிருந்து திரும்பிய மீனவர்களோ, இந்திய இழுவைப் படகுகள் வலையை அறுக்கும் கடலுக்கு, கடன் வாங்கிய வள்ளத்தோடு போக வேண்டியிருந்தது. 2022இல் பொருளாதாரம் சரிந்து, அரிசியும் பால்மாவும் எட்டாத விலைக்குப் போனபோது, மார்ச் 22ஆம் தேதி மன்னாரிலிருந்தும் யாழ்ப்பாணத்திலிருந்தும் 16 பேர் மறுபடி தனுஷ்கோடிக் கரையில் இறங்கினார்கள். தொடர்ந்து வந்தவர்களில் முன்பு முகாமில் வாழ்ந்து திரும்பியவர்களும் இருந்தார்கள்.

2025 செப்டெம்பரில் இந்திய உள்துறை அமைச்சு, 2015 ஜனவரி 9க்கு முன் வந்து பதிவு செய்த இலங்கைத் தமிழரை, கடவுச்சீட்டும் விசாவும் இல்லாததற்கான தண்டனையிலிருந்து விலக்கியது. தண்டனை நீங்கியது, குடியுரிமை வரவில்லை. மன்னார்ப் பக்கத்தில், முசலிப் பிரதேசத்துக் கடலோரத்தில் இரு சமூகங்களுக்கும் ஒரே பிரச்சினை நிற்கிறது. சிலாவத்துறையில் முஸ்லிம்களின் காணிகளில் கடற்படை முகாம் அமைந்தது. தெற்கே முள்ளிக்குளத்தில், 2007இல் வெளியேற்றப்பட்ட கத்தோலிக்கத் தமிழரின் ஊரில், கடற்படையின் வடமேற்குக் கட்டளைத் தலைமையகம் எழுந்தது. ஊரார் கொட்டகை போட்டுப் போராடியபின், 2017 ஏப்ரல் 29ஆம் தேதி அதில் 100 ஏக்கரை விடுவதாகக் கடற்படை அறிவித்தது. வீடுகள் நின்ற பகுதியையும் மற்ற வயல்களையும் கேட்கும் மனுக்கள் அதன் பிறகும் மன்னார் மாவட்டச் செயலகத்துக்குப் போய்க்கொண்டிருந்தன.