பரிசாக ஒரு நீத்துப்பெட்டி

ஓகஸ்ட் மாதத்தில், நல்லூர்த் திருவிழாவை ஒட்டி, யாழ்ப்பாணத்தின் கைப்பணிக் கடைகளில் கூட்டம் நிறையும். விடுமுறைக்கு வந்த புலம்பெயர் உறவுகள், தெற்கிலிருந்து வரும் சுற்றுலாப் பயணிகள், பல்கலைக்கழக மாணவர்கள் எனப் பலரும் வருவார்கள். பனையோலைத் தொப்பி, பேனாக்கூடு, சாவிக்கொத்து, காதணி, கைப்பை என்று சாயம் தீட்டிய பொருட்கள் அடுக்கப்பட்டிருக்கும். விலை கேட்கும் முன்னரே பல இடங்களில் ஒரு விளக்கம் கிடைத்துவிடும்: இவை யுத்தத்தில் கணவரை இழந்த பெண்கள் செய்தவை.

அந்த விளக்கம் பெரும்பாலும் உண்மைதான். ஆனால், அந்த ஒரு வசனத்தோடு விற்பனை முடிந்துவிடுகிறது. பேனாக்கூடு பயணப்பெட்டிக்குள் போகிறது, ரொறன்ரோவிலோ பரிஸிலோ ஒரு கண்ணாடி அலுமாரிக்குள் அமர்கிறது. வாங்கியவருக்கு ஒரு நல்ல காரியம் செய்த நிறைவு. அடுத்த வருடம் அவர் இன்னொரு பேனாக்கூடு வாங்குவாரா? வாங்கமாட்டார். இரக்கம் ஒரு பொருளை ஒரு தடவை விற்கும். இரண்டாவது தடவை விற்கவேண்டுமென்றால் அந்தப் பொருள் நல்லதாக இருக்கவேண்டும்.

கைப்பணிப் பொருட்களைப் பற்றி எழுதுவதற்காக வடக்கில் பல கடைகளையும் முற்றங்களையும் சுற்றிப் பார்த்தபின் எனக்குள் தங்கிய எண்ணம் இதுதான். நல்ல வடிவமைப்பை நாங்கள் வெளியே தேடிப்போக வேண்டியதில்லை. எங்கள் குசினிகளில் அது ஏற்கெனவே தொங்குகிறது. அதைப் பார்க்கும் பழக்கம்தான் எங்களிடம் குறைந்துவிட்டது.

ஒரு செம்பைப் பார்த்த விதம்

1958இல் இந்திய அரசாங்கம் அமெரிக்க வடிவமைப்பாளர்களான சார்ள்ஸ் ஈம்ஸ், றே ஈம்ஸ் தம்பதியை அழைத்து, இந்தியாவில் வடிவமைப்புக் கல்வியை எப்படித் தொடங்கலாம் என்று அறிக்கை கேட்டது. அவர்கள் சில மாதங்கள் நாட்டைச் சுற்றிப் பார்த்து எழுதிய அந்த அறிக்கையில், இந்தியாவில் கண்ட பொருட்களில் மிக அழகானதாகத் தெரிவுசெய்தது கோயில் சிற்பத்தையோ பட்டுச் சேலையையோ அல்ல. தண்ணீர் எடுக்கும் செம்பைத்தான். 1961இல் அகமதாபாத்தில் தேசிய வடிவமைப்பு நிறுவனம் உருவாவதற்கு அந்த அறிக்கை அடித்தளமாக அமைந்தது.

செம்பை அவர்கள் எப்படிப் பார்த்தார்கள் என்பதுதான் எங்களுக்குப் பயன்படும் பாடம். எவ்வளவு கொள்ளும்? நிறைந்திருக்கும்போதும் வெறுமையாக இருக்கும்போதும் பாரம் எப்படி நிற்கும்? இடுப்பில், தலையில், கையில் வைத்தால் எப்படி? ஊற்றும்போது தண்ணீர் எப்படி விழும்? உள்ளே கை விட்டுக் கழுவ முடியுமா? என்ன விலை? பழசானால் அந்த உலோகத்துக்கு என்ன மதிப்பு? இப்படிக் கேள்விகளை அடுக்கினார்கள். செம்பைத் தனியொருவர் வடிவமைக்கவில்லை, பல தலைமுறைகள் பாவித்துப் பாவித்துத் திருத்தின என்பது அவர்களுடைய முடிவு.

அதே கேள்விகளோடு எங்கள் வீட்டுப் பொருட்களிடம் போகலாம்.

குசினியில் இருக்கும் வடிவமைப்பு

நீத்துப்பெட்டியை எடுங்கள். பனையோலையில் கூம்பாக இழைத்த ஒரு பெட்டி. அந்தக் கூம்பு அலங்காரத்துக்கு வந்ததல்ல. கூம்பின் கூர் கீழே இருப்பதால், வாய் சிறிதான பானையிலும் இருக்கும், சற்றுப் பெரிதான பானையிலும் இருக்கும். ஒரே பெட்டி பல பானைகளுக்குப் பொருந்துகிறது. இழைகளுக்கு இடையிலான நுண்ணிய இடைவெளியால் நீராவி உள்ளே ஏறும், மா கீழே கொட்டாது. உலோகப் பாத்திரத்தில் ஆவி குளிர்ந்து தண்ணீராகச் சொட்டும். ஓலை அந்த ஈரத்தில் ஒரு பங்கை உறிஞ்சிக்கொள்ளும். அதனால்தான் அதில் அவித்த பிட்டு உதிரியாக வருகிறது, ஓலை வாசமும் சேர்கிறது. வேலை முடிந்ததும் கழுவி வெயிலில் காயவைத்துச் சுவரில் கொழுவிவிடலாம். பாரமே இல்லை.

பனங்கட்டிக் குட்டான் இன்னொன்று. காய்ச்சிய பாகை ஒரு குட்டி ஓலைப்பெட்டிக்குள் ஊற்றுவார்கள். பாகு அதற்குள்ளேயே இறுகிக் கட்டியாகும். அச்சும் அதுதான், பொதியும் அதுதான். பிரித்துத் தின்றபின் ஓலையை அடுப்பிலோ வாழையடியிலோ போடலாம். பொதிசெய்யும் பொருள் சூழலுக்குக் கேடில்லாமல் இருக்கவேண்டும் என்று இன்று உலகம் முழுவதும் பேசுகிறார்கள். குட்டான் அந்தக் கேள்விக்கு எப்போதோ பதில் சொல்லிவிட்டது.

பிளாவில் பின்னல்கூட இல்லை. ஓலையை மடித்து ஒரு முனையில் கட்டினால் கூழோ கள்ளோ குடிக்கும் கிண்ணம் தயார். கடகம் இதற்கு நேர்மாறு. நெருக்கமாகப் பின்னி, விளிம்பையும் அடியையும் பனை மட்டை நாரால் பொத்தி, மண் சுமக்கவும் நெல் அள்ளவும் உறுதியாக்கிய பொருள். ஒரே மரத்திலிருந்து ஒரு நேரத்துக்கான பொருளும் பல வருடத்துக்கான பொருளும் வருகின்றன. எதற்கு எவ்வளவு உழைப்புத் தேவை என்ற கணக்கு அந்தப் பொருட்களிலேயே இருக்கிறது.

தடைக்காலம் செய்த பொருட்கள்

1990 ஜூனில் மீண்டும் யுத்தம் தொடங்கியபின் வடக்கில் பொருளாதாரத் தடை இறுகியது. மின்சாரம் இல்லை. மண்ணெண்ணெய், பற்றரி, சவர்க்காரம் போன்ற சாதாரணப் பொருட்கள் கிடைப்பதே அரிதானது. வன்னியில் இந்த நிலை 2002 வரை நீடித்தது. என் தலைமுறை பிறந்து தவழ்ந்தது அந்த இருட்டில்தான்.

அப்போது வீடுகளில் பிறந்தது ஜாம் போத்தல் விளக்கு. போத்தலின் அடியில் கொஞ்சம் பஞ்சு, அதன்மேல் சில கரண்டி மண்ணெண்ணெய். சைக்கிள் ரியூப்பின் வால்வுக்குள் நூல்திரியைச் செருகிப் போத்தலுக்குள் நிறுத்துவார்கள். வீட்டுக்கு வீடு செய்முறை சற்று மாறும். எண்ணெய் பஞ்சில் ஊறி நிற்பதால் போத்தல் சரிந்தாலும் கொட்டுவது குறைவு. துளை சிறியது என்பதால் சுவாலையும் சிறியது, எண்ணெய் மிச்சம். போத்தலே காற்றுக்கு மறைப்பு. சைக்கிளைத் தலைகீழாக நிறுத்திப் பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் வந்த மின்சாரத்தில் றேடியோவில் பிபிசி தமிழோசை கேட்டதும் இந்தக் காலத்தில்தான். மோட்டார் சைக்கிளைச் சில துளி பெற்றோல் விட்டுக் கிளப்பி, பிறகு மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். துணி தோய்க்கப் பனம்பழக் களி மறுபடி வந்தது.

இவற்றைப் புகழும்போது ஒரு அவதானம் தேவை. புகையில் கண் எரிய எரியப் படித்துப் பரீட்சை எழுதியவர்கள் அந்த விளக்கை விரும்பித் தெரிவுசெய்யவில்லை. அது திணிக்கப்பட்ட இருட்டுக்குக் கொடுத்த பதில். ஆகவே, அதை நினைவுப்பொருளாக்கிச் சுற்றுலாப் பயணிக்கு விற்கலாமா என்ற கேள்வி இலேசானதல்ல. யுத்தம் முடிந்த கையோடு பதுங்குகுழிகளையும் உடைந்த வாகனங்களையும் பார்க்க பஸ்களில் ஆட்கள் வந்துபோனதை நாங்கள் மறக்கவில்லை. எங்கள் துயரம் வேடிக்கைப் பொருளானதைக் கண்டவர்கள் நாங்கள்.

என் அபிப்பிராயம் இதுதான். அந்த விளக்கோடு வாழ்ந்தவரே அதைச் செய்து, ஏன் செய்யவேண்டி வந்தது என்பதையும் தன் சொற்களில் எழுதி வைத்தால், அதைவிடப் பெறுமதியான பரிசு இல்லை. முக்கியமாக, வெளிநாட்டில் பிறந்த பேரப்பிள்ளைக்கு. கதையை வெட்டிவிட்டு விளக்கை மட்டும் விற்றால் அது வெறும் போத்தல்.

கேட்கப்பட்டது உதவி, கொடுக்கப்பட்டது வடிவமைப்பு

கைப்பணி இரக்கத்திலிருந்து வெளியே வந்ததற்கு எங்கள் தீவிலேயே உதாரணம் இருக்கிறது. 1960களில் நல்லாயன் சபைக் கன்னியாஸ்திரி ஒருவர், நெசவு பழகும் பெண்பிள்ளைகளுக்கு உதவும்படி ஓவியரான பார்பரா சன்சோனியைக் கேட்டார். அவர் கொடுத்தது வடிவமைப்பை. இந்த நாட்டின் வெளிச்சத்திலும் நிலத்திலும் கண்ட நிறங்களைத் துணிக்குக் கொண்டுவந்தார். அதிலிருந்து வளர்ந்ததுதான் கொழும்பு காலி வீதியில் இருக்கும் பெயார்ஃபுட். அங்கே ஒரு துணிப் பொம்மையையோ மேசை விரிப்பையோ கையில் எடுப்பவர் முதலில் நெய்தவரின் கஷ்டத்தைக் கேட்பதில்லை. நிறத்தைப் பார்த்து எடுக்கிறார், திரும்ப வருகிறார்.

வடக்கில் 1978இல் உருவான பனை அபிவிருத்திச் சபை இருக்கிறது, அதன் கற்பகம் விற்பனை நிலையங்கள் இருக்கின்றன, கைதடியில் பனை ஆராய்ச்சி நிறுவகமும் இருக்கிறது. யுத்தத்தில் பதுங்குகுழிகளுக்கும் காவலரண்களுக்கும் பெருந்தொகையான பனைகள் வெட்டப்பட்ட பிறகும் மூலப்பொருள் இருக்கிறது, கைத்திறனும் இருக்கிறது. நான் பார்த்த பயிற்சி வகுப்புகள் பலவற்றில் குறைந்திருந்தது, செய்பவரையும் பாவிப்பவரையும் ஒன்றாக இருத்தி வைத்துப் பேசும் ஏற்பாடுதான். பயிற்சியின் முடிவில் எல்லோரும் அதே பேனாக்கூட்டைச் செய்கிறார்கள். கைபேசி வைக்கும் அளவுக்குக் கொட்டப்பெட்டி செய்யலாமே, மின்னடுப்புப் பாத்திரத்துக்குப் பொருந்தும் நீத்துப்பெட்டி செய்யலாமே என்று கேட்க அங்கே ஆள் இல்லை.

இன்னொரு தடையும் உண்டு. பனையோடு ஒட்டிய வேலைகளை எங்கள் சமூகம் சாதியின் பெயரால் தாழ்த்தி வைத்தது. ஓலையில் செய்த பொருளைப் பரிசாகக் கொடுக்க இன்றைக்கும் சிலருக்கு வரும் கூச்சத்தில் அதன் மிச்சம் இருக்கிறது. கலியாண வீட்டுக்குப் பிளாஸ்ரிக் சுவர்க்கடிகாரம் கொண்டுபோகக் கூசாத நாங்கள், சுளகு கொண்டுபோகக் கூசுகிறோம்.

வாங்கும்போது

ஒரு பொருளை எடுத்தால் முதலில் அதை எங்கே, எதற்கு, வாரத்தில் எத்தனை நாள் பாவிப்போம் என்று யோசியுங்கள். பதில் வராவிட்டால் வைத்துவிடலாம். பின்னல் நெருக்கமா, விளிம்பு பிரியாமல் பொத்தப்பட்டிருக்கிறதா, ஓலை நன்றாகக் காய்ந்திருக்கிறதா என்று கையால் தடவிப் பாருங்கள். ஈரம் இருந்தால் பூஞ்சணம் பிடிக்கும். சாயம் போட்டதென்றால், ஈரத்துணியால் ஒரு மூலையைத் துடைத்துப் பார்க்கலாமா என்று கேளுங்கள்.

விலையைக் குறைக்கக் கேட்கும் முன்னர் வேலையை எண்ணிப் பாருங்கள். ஒருவர் மரமேறிக் குருத்தோலை வெட்டவேண்டும். பிறகு அதை வெயிலில் காயவைத்து, ஈர்க்கு நீக்கி, வார்ந்து, சாயத்தில் அவித்து, இழைத்து, விளிம்பு கட்டவேண்டும். விலை குறையும்போது பெரும்பாலும் முதலில் வெட்டுப்படுவது இழைத்தவரின் கூலி. முடிந்தால் செய்பவரிடமே ஓடர் கொடுங்கள். அளவைச் சொல்லுங்கள், பாவித்துப் பார்த்துக் குறையையும் சொல்லுங்கள். செய்பவருக்கு அனுதாபத்தைவிடப் பயன்படுவது அந்தக் குறைதான். அடுத்த பெட்டி அதனால் திருந்தும்.

அவுஸ்திரேலியா, நியூசிலாந்து போகிறவர்கள் ஓலைப் பொருட்களை விமான நிலையத்தில் கட்டாயம் அறிவிக்கவேண்டும். தாவரப் பொருட்கள் பற்றி அங்கே கடும் விதிகள் உண்டு. பூச்சியும் ஈரமும் மண்ணும் இல்லாமல் சுத்தமாகக் கொண்டுபோவது நல்லது.

இந்த வருடம் யாருக்காவது பரிசு கொடுக்க நினைத்தால், ஒரு நீத்துப்பெட்டியோடு அரைக் கிலோ குரக்கன் மாவும், பிட்டு அவிக்கும் முறையை எழுதிய ஒரு துண்டும் சேர்த்துக் கொடுங்கள். இழைத்தவரின் ஊரையும், அவர் சம்மதித்தால் பெயரையும் அந்தத் துண்டில் எழுதுங்கள். அவர் எதை இழந்தார் என்று எழுதவேண்டாம். எதைச் செய்யத் தெரிந்தவர் என்று எழுதினால் போதும்.