மறைந்திருக்கும் கறுப்புப் பொருக்கு!

கம்பத்தில் பொழுது விடிந்திருக்காது. அதற்குள் ஜீப்புகள் வந்து நின்றுவிடும். தூக்குச் சட்டியுடன் பெண்கள் ஏறுவார்கள். மலைக்கு மேலே ஏலத் தோட்டத்தில் வேலை. மாலையில் திரும்புவார்கள்.

அவர்களில் ஒரு அம்மாளுக்குக் காய்ச்சல் கண்டது என்று வைத்துக்கொள்வோம். மண்டையைப் பிளக்கும் தலைவலி. முதலில் கஷாயம், பிறகு கடை மாத்திரை. ஐந்தாம் நாளும் காய்ச்சல் இறங்கவில்லை. டைபாய்டா? டெங்குவா?

அந்த அம்மாளின் இடுப்பில், சேலைக் கட்டுக்கு அடியில், ஒரு சிறு புண் இருக்கிறது. சிகரெட்டால் சுட்டது போல நடுவில் கறுப்புப் பொருக்கு, சுற்றிலும் சிவப்பு. வலி இல்லை. ஆகவே அவள் யாரிடமும் சொல்லவில்லை.

விஷயமே அந்தப் பொருக்கில்தான் இருக்கிறது! அது உண்ணிக் காய்ச்சலின் அடையாளம்.

பெயர்தான் உண்ணி. மாட்டின் காதில் தொங்குகிறதே, அந்த உண்ணி அல்ல. புல்லிலும் புதரிலும் எலிகளை அண்டி வாழும் ஒரு நுண்பூச்சியின் குஞ்சு. மில்லிமீட்டரில் ஐந்தில் ஒரு பங்குதான் இருக்கும். கடித்தது தெரியாது. பத்து நாள் கழித்துக் காய்ச்சல் வரும்போது, புதரில் உட்கார்ந்தது யாருக்கு நினைவிருக்கும்? மழையும் பனியுமான மாதங்களில் தமிழ்நாட்டில் இந்தக் காய்ச்சல் அதிகம்.

அக்குள், மார்பின் அடி, தொடையிடுக்கு - பொருக்கு இருக்கும் இடமெல்லாம் மறைவிடம். கூட்டம் நிறைந்த ஆஸ்பத்திரியில் எந்தப் பெண் காட்டுவாள்? அவளைக் குறை சொல்வது நியாயமில்லை. ஒரு திரையும் ஒரு நர்சும் இருந்தால் காட்டிவிடுவாள்.

எல்லோருக்கும் பொருக்கு இருப்பதில்லை. அப்போது இரத்தத்தில் எலிசா சோதனை செய்கிறார்கள். ஆரம்ப நாட்களில் அதுவும் ஏமாற்றலாம். ஆகையால் சந்தேகம் பலமாக இருந்தால் முடிவுக்குக் காத்திராமல் டாக்டர்கள் டாக்சிசைக்ளின் கொடுக்கிறார்கள். பழைய மருந்து, விலை மலிவு. பெரும்பாலும் இரண்டே நாளில் காய்ச்சல் தணியும். கர்ப்பிணிகளுக்கு அசித்ரோமைசின். பென்சிலின் இங்கே பலிக்காது.

நாள் கடந்தால் நுரையீரலும் சிறுநீரகமும் மூளையும் பாதிக்கப்படும். அப்படிக் கடுமையான 794 நோயாளிகளிடம் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி டாக்டர்கள் தலைமையில் நடந்த ஆராய்ச்சி 2023-ல் வெளிவந்தது. இரண்டு மருந்துகளையும் சேர்த்து நரம்பில் ஏற்றியபோது, ஒன்றை மட்டும் கொடுத்ததைவிடக் காய்ச்சலும் சிக்கல்களும் சீக்கிரம் தணிந்தன. ஆனால் சாவு குறைந்ததாகத் தெரியவில்லை!

நமது அம்மாளுக்கு இன்று ஐந்தாம் நாள். தேனிக்கு அப்பால் க.விலக்கில் அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி இருக்கிறது. போனால் ஒரு நாள் கூலி போய்விடுமே என்று யோசிக்கிறாள்.