முகம் எவ்வளவு தாங்கும்?

காலையில் வைட்டமின் சி சீரம், அதன்மேல் நியாசினமைடு, பிறகு சன்ஸ்கிரீன். இரவில் சாலிசிலிக் அமிலம் கலந்த ஃபேஸ்வாஷ், கிளைகோலிக் அமில டோனர், கடைசியாக ரெட்டினால். கல்லூரி மாணவர்களின் அலமாரியில்கூட இன்று இந்த வரிசையைப் பார்க்கலாம். இத்தனையும் ஒரே நாளில் பூசலாமா என்று தேடினால், எதோடு எது சேரும், எதோடு எது சேராது என்று கட்டம் போட்ட அட்டவணை ஒன்று பதிலாகக் கிடைக்கிறது. பச்சைக் குறி இருந்தால் பூசலாம், சிவப்பு இருந்தால் கூடாது. இந்த அட்டவணை தவறான கேள்விக்குப் பதில் சொல்கிறது என்பது என் வாதம். இரண்டு பொருள்கள் ஒன்றோடொன்று மோதுவதால் வரும் கேடு சொற்பம். ஒரு நாளில் தோலின் மேலடுக்கின்மீது மொத்தமாக ஏறும் எரிச்சல்தான் பெரும்பாலான முகங்களைக் கெடுக்கிறது. ஜோடி ஜோடியாகப் பார்க்கிற அட்டவணையில் அந்தக் கூட்டுத்தொகைக்கு இடமே இல்லை.

வேதியியல் மோதலுக்கு எடுத்துக்காட்டாக அதிகம் பேசப்படுவது வைட்டமின் சியும் நியாசினமைடும். இரண்டும் சேர்ந்தால் நியாசினமைடு நியாசினாக மாறி முகத்தைச் சிவக்க வைத்துவிடும் என்ற பயம் இன்னும் போகவில்லை. ஆனால் அப்படி மாறுவதற்குக் கடும் அமிலமோ கடும் காரமோ வேண்டும், கூடவே நீண்ட நேரச் சூடும் வேண்டும். முகத்தில், உடல் வெப்பத்தில், அது நடக்கிற காரியமல்ல. உண்மையான மோதல் என்று சொல்லத் தகுந்தது பருவுக்குத் தரப்படும் பென்சாயில் பெராக்சைடுக்கும் ட்ரெட்டினாயினுக்கும் இடையில் இருக்கிறது. 1998இல் வெளியான ஓர் ஆய்வில், இரண்டையும் கலந்து வெளிச்சத்தில் வைத்தபோது சுமார் 2 மணி நேரத்தில் பாதிக்கு மேல் ட்ரெட்டினாயின் அழிந்தது; 24 மணி நேரத்தில் ஏறக்குறைய முழுவதும் போய்விட்டது. அதே குடும்பத்தைச் சேர்ந்த அடாபலீன் மட்டும் அப்படியே நிலைத்து நின்றது. அதனால்தான் அடாபலீனும் பென்சாயில் பெராக்சைடும் ஒரே ஜெல்லாக வர முடிந்தது. அமெரிக்காவில் அதற்கு 2008இல் அனுமதி கிடைத்தது. ட்ரெட்டினாயினையும் பென்சாயில் பெராக்சைடையும் தனித்தனி நுண்ணுறைகளுக்குள் அடைத்து ஒரே கிரீமாகத் தரும் மருந்துக்கு 2021இல் அதே நாடு அனுமதி தந்தது. சேராது என்று சொல்லப்பட்டது தயாரிப்பு முறை மாறியதும் சேர்ந்துவிட்டது. முறையாகச் சேராமல் போனாலும் இழப்பு என்னவென்றால், பூசிய மருந்து வீணாகிறது. இன்னொரு பக்கம், சேர்ந்ததால் பலம் கூடிய ஜோடிகளும் உண்டு. 15 விழுக்காடு வைட்டமின் சி, 1 விழுக்காடு வைட்டமின் ஈ உள்ள கரைசலில் ஃபெரூலிக் அமிலத்தைச் சேர்த்தபோது, வெயிலுக்கு எதிரான அதன் பாதுகாப்பு நான்கு மடங்கிலிருந்து எட்டு மடங்கானது என்று 2005இல் பதிவானது.

இனி தோலின் பக்கம் வருவோம். நம்மைக் காக்கும் மேலடுக்கின் தடிமன் முகத்தில் ஒரு மில்லிமீட்டரில் ஐம்பதில் ஒரு பங்குகூட இருக்காது. செங்கல்லும் சாந்தும்போல, இறந்த தட்டையான செல்களும் அவற்றுக்கிடையே செராமைடு, கொலஸ்ட்ரால், கொழுப்பமிலங்கள் ஆகியவற்றின் பூச்சுமாக அமைந்த அடுக்கு அது. அதன் பிஎச் ஏறத்தாழ 5, அதாவது லேசான அமிலம். கிளைகோலிக் அமிலம் செல்களைப் பிடித்து வைத்திருக்கும் பிணைப்பைத் தளர்த்துகிறது. ரெட்டினால், ட்ரெட்டினாயின் போன்ற ரெட்டினாய்டுகள் செல்கள் புதுப்பிக்கப்படும் வேகத்தைக் கூட்டி, மேலடுக்கை மெலியச் செய்து, தோல் வழியே நீர் வெளியேறுவதை அதிகரிக்கின்றன. பென்சாயில் பெராக்சைடு உலர்த்துகிறது. பிஎச் 9, 10 வரை போகும் சாதாரணக் குளியல் சோப்பு எண்ணெய்ப் பூச்சையே கழுவிக்கொண்டு போகிறது. இவை ஒவ்வொன்றும் தனியாக வந்தால் தோல் ஈடுகட்டிக்கொள்ளும். நான்கும் ஒரே நாளில் வந்தால், அவை ஒன்றோடொன்று வினைபுரியாவிட்டாலும், தாக்குவது அதே மெல்லிய அடுக்கைத்தான். அட்டவணைக்காரர்கள் சோப்பைக் கணக்கிலேயே சேர்ப்பதில்லை என்பது எனக்குப் பெரிய குறையாகப் படுகிறது.

பாட்டிலின் மேல் அச்சிட்ட விழுக்காட்டை வைத்தும் இந்த எரிச்சல் சுமையை அளந்துவிட முடியாது. கிளைகோலிக் அமிலத்தில் மின்னேற்றம் இல்லாத வடிவமே தோலுக்குள் எளிதாக நுழையும். கரைசலின் பிஎச் 3.8 ஆக இருந்தால் ஏறக்குறைய பாதி அமிலம் அந்த வடிவத்தில் இருக்கும், 4.8 ஆக இருந்தால் பத்தில் ஒரு பங்குதான். ஆக, 10 விழுக்காடு என்று ஒரே மாதிரி அச்சிட்ட இரண்டு பாட்டில்களில் ஒன்று மற்றதைவிட ஐந்து மடங்கு கடுமையாக இருக்க இடமுண்டு. வீட்டில் கிடைப்பதுதானே என்று முகத்தில் தேய்க்கும் எலுமிச்சைச் சாற்றின் பிஎச் சுமார் 2. பாட்டிலில் வரும் டோனர்கள் பொதுவாக அந்த அளவுக்குப் போவதில்லை. அமிலங்களுக்கு வெயிலோடும் ஒரு தொடர்பு உண்டு. கிளைகோலிக் அமிலத்தை நான்கு வாரம் பூசியவர்களின் தோல் புறஊதாக் கதிரில் சிவக்கும் தன்மை 18 விழுக்காடு கூடியது என்றும், பூசுவதை நிறுத்திய ஒரு வாரத்தில் அது பழைய நிலைக்குத் திரும்பியது என்றும் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் சொல்கிறது. சன்ஸ்கிரீன் பூசுகிற பழக்கம் இல்லாதவர் அமிலத்தை வாங்காமல் இருப்பதே மேல்.

எரிந்தால்தானே வேலை செய்கிறது என்று அர்த்தம், கொஞ்சம் சிவக்காமல் எப்படி மாற்றம் வரும் என்று கேட்பவர்கள் உண்டு. இந்த நம்பிக்கையை நேரடியாகச் சோதித்த ஆய்வு 1995இலேயே வந்துவிட்டது. வெயிலால் முதிர்ந்த தோலில் 0.1 விழுக்காடு ட்ரெட்டினாயினையும் 0.025 விழுக்காட்டையும் 48 வாரம் பயன்படுத்திப் பார்த்தார்கள். இரண்டு குழுவிலும் ஏறக்குறைய ஒரே முன்னேற்றம். சிவப்பும் உரிதலும் மட்டும் கூடுதல் அளவு பூசியவர்களிடம் மிக அதிகம். நான்கு மடங்கு மருந்து தந்தது கூடுதல் எரிச்சலை மட்டுமே. ரெட்டினாய்டு தொடங்கிய முதல் சில வாரங்களில் வழக்கமாகப் பரு வரும் இடங்களில் புதிதாகச் சில முளைப்பது உண்மைதான், அதைப் பொறுத்துக்கொள்ளலாம். ஆனால் வெறும் தண்ணீர் பட்டாலே சுரீரென்று எரிவது, முகம் இழுத்துப் பிடிப்பது, வாயோரமும் மூக்கோரமும் உரிவது ஆகியவை மேலடுக்கின் அரண் உடைந்ததற்கான அறிகுறிகள். நம்மைப் போன்ற மாநிறத் தோலுக்கு இதில் இன்னொரு இழப்பும் இருக்கிறது. எரிச்சல் அடங்கிய இடத்தில் நிறமி குவிந்து கருமை படிகிறது, அது மறைய மாதங்கள் ஆகின்றன. கருமையைப் போக்க வாங்கிய மருந்தே கருமையைக் கொண்டுவருவதைவிடக் கொடுமை என்ன இருக்கிறது?

சுமையைக் கணக்கிட்டுப் பார்த்தால் நடைமுறை எளிமையாகிவிடும். ஓர் இரவுக்குக் கடுமையான பொருள் ஒன்று போதும்: ரெட்டினால் பூசும் இரவில் அமிலம் வேண்டாம், அமிலத்தின் இரவில் ரெட்டினால் வேண்டாம், இரண்டுக்கும் நடுவே வெறும் மாய்ச்சரைசரோடு தோலை விட்டுவிடும் இரவுகளும் இருக்கட்டும். வைட்டமின் சி காலையில், சன்ஸ்கிரீனுக்கு அடியில். செராமைடு உற்பத்தியைத் தூண்டும் நியாசினமைடு சுமையை ஏற்றுவதைவிடக் குறைக்கும் பக்கம்தான் இருக்கிறது. பெரும்பாலானவர்கள் அதை எந்த வேளையிலும் பூசலாம். புதிதாக எதைச் சேர்த்தாலும் ஒரு மாதமாவது அதை மட்டும் பூசிப் பார்த்த பிறகே அடுத்தது. இல்லையென்றால் எது கெடுத்தது என்று கண்டுபிடிக்க வழியிருக்காது. முன்கையில் தடவிப் பார்க்கும் சோதனை ஒவ்வாமையைக் காட்டும், முகம் தாங்குமா என்பதைக் காட்டாது. 1967இல் ஹைட்ரோகார்ட்டிசோனை வைத்து அளந்தபோது முன்கையைவிட நெற்றி 6 மடங்கும் தாடை 13 மடங்கும் அதிகமாக உறிஞ்சின. கர்ப்பிணிகளும் கருத்தரிக்கத் திட்டமிடுபவர்களும் ரெட்டினாய்டுகளை அறவே தவிர்க்க வேண்டும் என்பது மருத்துவ அறிவுரை.

தோல் மருத்துவர்களே இரண்டு மூன்றைச் சேர்த்துத்தானே எழுதித் தருகிறார்கள் என்பது நியாயமான மறுப்பு. ஆம், தருகிறார்கள், அளவும் காலக்கெடுவும் வைத்துத் தருகிறார்கள். தோல் மருத்துவர் ஆல்பர்ட் கிளிக்மன் 1975இல் வெளியிட்ட கலவையில் ஹைட்ரோகுவினோன், ட்ரெட்டினாயின், டெக்சாமெத்தசோன் மூன்றும் இருந்தன. முதல் இரண்டும் நிறமியைக் குறைக்க, மூன்றாவதான ஸ்டீராய்டு முக்கியமாக எரிச்சலை அடக்க. மங்குக்கு இது நல்ல மருந்து. இவ்வகைக் கலவை ஒன்றை 2002இல் அனுமதித்த அமெரிக்கா, எட்டு வாரம் வரைதான் என்று வரையறுத்தது. இந்தியாவில் மொமெட்டசோன் சேர்ந்த இதன் வடிவம் சின்ன ட்யூபில் மருந்துக்கடை மேசைக்கு வந்து, சீட்டு இல்லாமல், முகம் வெளுக்கும் கிரீமாகக் கைமாறியது. நாட்டின் 12 மையங்களில் முகத்தோல் பிரச்சினைகளோடு வந்த 2,926 பேரை ஆராய்ந்து 2011இல் வெளியான ஆய்வில், 433 பேர் முகத்தில் ஸ்டீராய்டு பூசி வந்தது தெரிந்தது. 2018இல் அரசு 14 வகை ஸ்டீராய்டு பூச்சு மருந்துகளை மருத்துவர் சீட்டு கட்டாயமான பட்டியலுக்குள் கொண்டுவந்தது.

எல்லாக் கலவைகளிலும் இந்த ஸ்டீராய்டுக் கலவை எனக்கு அதிகம் கவலை தருவதற்குக் காரணம், தோல் தரும் எச்சரிக்கையையே இது அமுக்கிவிடுகிறது. எரியாது, உரியாது, முதல் சில வாரம் முகம் பளிச்சென்றும் இருக்கும். அடியில் தோல் மெலிந்து, ரத்தக் குழாய்கள் தெரியத் தொடங்கி, பருவும் ரோமமும் கூடும். நிறுத்திய சில நாளில் முகம் சிவந்து எரிவதால், பூசாததால்தான் இப்படி ஆனது என்று நினைத்து மறுபடி அதே ட்யூபை வாங்குகிறார்கள். உறையில் மொமெட்டசோன், ஃபுளுவோசினோலோன், பீட்டாமெத்தசோன், குளோபெட்டசால் என்று எதைப் பார்த்தாலும் அது ஸ்டீராய்டு. மாதக்கணக்கில் பூசி வந்தவர்கள் தாமாகச் சட்டென்று நிறுத்த வேண்டாம். அந்த ட்யூபையும் கையோடு எடுத்துக்கொண்டு தோல் மருத்துவரிடம் போனால், எந்த வேகத்தில் குறைப்பது, இடையில் எதைப் பூசுவது என்று அவர் திட்டம் போட்டுத் தருவார்.