ஸ்பானிஷ் மொழியில் ‘பேசுவார்’

புனே நகரத்துப் பெர்குசன் கல்லூரிச் சாலையில், ரானடேயின் பெயர் தாங்கிய கட்டடத்தில், பல்கலைக்கழகத்தின் அயல்மொழித் துறை இயங்குகிறது. அங்கே ஸ்பானிஷ் பயிலச் செல்லும் நம் வீட்டுப் பிள்ளைகள் ஓரிடத்தில் மயங்கி நிற்பதுண்டு. ‘பேசினார்’ என்பதற்கு அம்மொழியில் ‘அப்லோ’, ‘அப்லாபா’ என இரு வடிவங்கள் உள. எதனை எங்கே இடுவது?

மறைந்த தாத்தாவைப் பற்றி ஒரு மாணவி கட்டுரை வரைவதாகக் கொள்வோம். அவர் வீட்டில் தமிழ் பேசியதைக் குறிக்க ‘அப்லோ’ என்று எழுதினால், எப்போதோ ஒருமுறை பேசி முடித்தார் என்ற பொருளே முன்னிற்கும். நாள்தோறும் வீட்டில் ஒலித்த மொழி ஒருநாள் நிகழ்ச்சியாகச் சுருங்கிவிடும். ‘அப்லாபா’ என்றால்தான் அது அவருடைய வழக்கம் என்பது விளங்கும்.

மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட நாமும் ஆங்கிலத்தின் வழியே சென்று இதில் நெடுநாள் வழுக்கியதுண்டு. நம் தாய்மொழியைக் கேட்டிருந்தால் விடை எளிதில் கிடைத்திருக்கும். “அந்நாளில் தாத்தா மாலைதோறும் கதை பேசுவார்” என்கிறோம் அல்லவா? வடிவம் எதிர்காலம், பொருளோ கடந்தகால வழக்கம். இந்தப் ‘பேசுவார்’தான் ‘அப்லாபா’. புனேவாசிகளுக்கு இன்னொரு துணையும் உண்டு. மராத்தியர் ஒருமுறை பேசியதை ‘போலலே’ என்பர். வழக்கமாகப் பேசியதை ‘போலாய்ச்சே’ என்பர். அண்டை வீட்டாரிடம் அன்றாடம் கேட்கும் வேறுபாடுதான் இது.

இனி வினைத்திரிபைக் காண்போம். ‘அப்லார்’ என்பது ‘பேசுதல்’. எழுத்தில் முதலில் நிற்கும் ஹகரத்தை ஒலிப்பதில்லை. இறுதி ‘ஆர்’ நீங்க, ஆபா முதலிய விகுதிகள் சேரும்: நான் அப்லாபா, நீ அப்லாபாஸ், அவர் அப்லாபா, நாம் அப்லாபாமோஸ், நீங்கள் அப்லாபாயிஸ், அவர்கள் அப்லாபான். அழுத்தம் எங்கும் ‘லா’வின் மீதே விழும். தன்மை ஒருமையும் படர்க்கை ஒருமையும் ஒன்றாயிருப்பதால், ஐயம் தோன்றுமிடத்தில் ‘யோ’ (நான்), ‘எல்’ (அவன்) என எழுவாயை வெளிப்படச் சொல்லவேண்டும்; விகுதியே ஆளைக் காட்டிவிடும் தமிழுக்குப் பழகியவர்கள் இதனை மறந்துவிடுவர்.

‘கொமேர்’ (உண்ணுதல்), ‘பிபிர்’ (வாழ்தல்) போன்றவை ‘ஈயா’ விகுதி பெற்று, ‘கொமீயா’, ‘பிபீயா’ என வரும். இக்காலத்தில் விதிக்கு அடங்காத வினைகள் மொழி முழுவதிலும் மூன்றே. இருத்தல், போதல், காணுதல். ஸ்பானிஷ் இலக்கணத்தில் இத்தகைய சலுகை அரிது!

“நாங்கள் பேசிக்கொண்டிருந்தபோது மழை வந்தது” என்பதிலுள்ள ‘பேசிக்கொண்டிருந்தோம்’ என்பதற்கும் ‘அப்லாபாமோஸ்’தான். நாம் இரு வடிவங்களால் சொல்வதை அவர்கள் ஒன்றால் முடித்துக்கொள்கிறார்கள்.

ஓர் எச்சரிக்கை. நெடுங்காலம் நடந்த செயலாயிற்றே என்று எங்கும் ‘அப்லாபா’வைப் போடலாகாது. தொடக்கமும் முடிவும் வரையறுத்து, “தாத்தா முப்பது ஆண்டுகள் அம்மொழியைப் பேசினார்” என்று மொத்தமாகக் கணக்கிட்டுச் சொன்னால், அங்கே ‘அப்லோ’வே உரியது.