சதவீதம் ஏறுகிறது, சென்டம் துள்ளுகிறது: தமிழகத் தேர்வு முடிவுகளை எப்படி வாசிப்பது?

தமிழ்நாட்டில் பத்தாம் வகுப்பு, பிளஸ் டூ பொதுத்தேர்வு முடிவுகள் வெளியாகும் நாளில் இரண்டு எண்கள் தலைப்புச் செய்தியாகின்றன. ஒன்று, தேர்ச்சி சதவீதம். மற்றொன்று, பாடவாரியாக நூற்றுக்கு நூறு வாங்கியவர்களின் எண்ணிக்கை. பள்ளிகளின் பேச்சில் இது 'சென்டம்'. தேர்ச்சி சதவீதம் ஆண்டுக்கு ஆண்டு நிதானமாக ஏறும். சென்டம் ஒரே ஆண்டில் ஆறில் ஒரு பங்காகச் சரியும், அடுத்த ஆண்டு பல மடங்கு எகிறும். மாணவர்கள் எவ்வளவு கற்றார்கள் என்பதைவிட, தேர்வு எப்படி அமைக்கப்பட்டிருந்தது என்பதையே இரண்டும் அதிகம் காட்டுகின்றன. அறிவியல் பாடங்களில் இது பளிச்சென்று தெரியும்.

பத்தாம் வகுப்பில் 2010-இல் 82.5 சதவீதமாக இருந்த தேர்ச்சி, 2015-இல் 92.9 ஆகவும் 2019-இல் 95.2 ஆகவும் உயர்ந்தது. பிளஸ் டூவில் 2011-இல் 85.9, 2019-இல் 91.3, 2025-இல் 95.03. இந்தக் காலத்தில் பள்ளிக்கல்வியில் நடந்த மாற்றங்கள் சிறியவை அல்ல. மாநிலப் பாடத்திட்டம், மெட்ரிகுலேஷன், ஆங்கிலோ இந்தியன், ஓரியண்டல் என்று நான்காகப் பிரிந்து கிடந்த முறை, 2011 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்குப் பிறகு சமச்சீர்க் கல்வியாக ஒன்றானது. 2018, 2019-இல் பாடநூல்கள் முற்றிலும் மாறின. பிளஸ் டூவின் மொத்த மதிப்பெண் 1,200-லிருந்து 600 ஆனது. இவ்வளவுக்கும் நடுவே சதவீதத்தின் ஏற்றம் பெரிதாகத் தடுமாறவில்லை. பாடத்திட்டம் தலைகீழாக மாறியும் ஒரு எண்ணின் போக்கு கிட்டத்தட்ட அசையாமல் இருந்தால், அதை வேறு ஏதோ தாங்கிப் பிடிக்கிறது என்று பொருள். தாங்குவது தேர்ச்சி விதி.

20-ம் 15-ம்

பத்தாம் வகுப்பு அறிவியல் தேர்வு 100 மதிப்பெண்களுக்கு நடக்கிறது. எழுத்துத்தேர்வுக்கு 75, செய்முறைக்கு 25. தேர்ச்சி பெற எழுத்தில் 20, செய்முறையில் 15, இரண்டும் சேர்த்து 35 வேண்டும். ஆக, எழுத்துத்தேர்வில் எடுக்க வேண்டியது 26.7 சதவீதம்தான்.

அந்த 20 மதிப்பெண்ணை வினாத்தாளுக்குள் வைத்துப் பார்த்தால் விஷயம் இன்னும் தெளிவாகும். முதல் பகுதியில் 12 ஒரு மார்க் கேள்விகள். அடுத்து பத்து இரண்டு மார்க் கேள்விகளில் ஏழுக்கு விடை எழுத வேண்டும். பிறகு பத்து நான்கு மார்க் கேள்விகளில் ஏழு. கடைசியில் ஏழு மார்க் கேள்விகள் மூன்று, ஒவ்வொன்றிலும் 'இது அல்லது அது' என்ற வாய்ப்பு. இரண்டு மார்க்கிலும் நான்கு மார்க்கிலும் தலா ஒரு கேள்வி மட்டும் கட்டாய வினா. வழக்கமாக அது கணக்காக இருக்கும். ஒரு மார்க்கில் எட்டும் இரண்டு மார்க்கில் ஆறும் சரியாக இருந்தால் 20 வந்துவிடும். நான்கு மார்க், ஏழு மார்க் பக்கங்களைத் தொடவே வேண்டாம். 'புக் பேக்' எனப்படும் பாடத்தின் கடைசிப் பக்க வினாக்களைத் திரும்பத் திரும்ப எழுதிப் பார்த்த, படிப்பில் சுமாரான மாணவர் இந்த அளவை எட்டிவிடலாம். மெல்லக் கற்போருக்கென்று பள்ளிகள் தயாரிக்கும் குறைந்தபட்சக் கற்றல் கையேடுகள் பெரும்பாலும் இந்தக் கணக்கை வைத்தே எழுதப்படுகின்றன.

செய்முறைத் தேர்வு பள்ளியிலேயே நடக்கிறது. குவிலென்சின் குவியத் தொலைவு காணல் போன்ற சோதனைகளை ஆண்டு முழுவதும் ஆய்வகத்தில் செய்து பழகிய பள்ளிகள் உண்டு. தேர்வுக்கு முந்தைய வாரம் மட்டும் லென்சைத் தூசி தட்டி எடுக்கும் பள்ளிகளும் உண்டு. மதிப்பெண் பட்டியலில் இரண்டு பள்ளிகளுக்கும் பெரிய வேறுபாடு தெரியாது.

பிளஸ் டூவிலும் இதே தர்க்கம்தான். இயற்பியல், வேதியியல் போன்ற செய்முறை உள்ள பாடங்களில் எழுத்துக்கு 70, செய்முறைக்கு 20, அகமதிப்பீட்டுக்கு 10. எழுத்தில் 15 எடுத்து மொத்தம் 35 தொட்டால் பாஸ். பழைய 200 மதிப்பெண் முறையில் எழுத்தின் குறைந்தபட்சம் 150-க்கு 30, அதாவது ஐந்தில் ஒரு பங்கு. இப்போதும் கிட்டத்தட்ட அதே அளவுதான். 2024-இல் இயற்பியல், வேதியியல், உயிரியல் மூன்றிலும் தேர்ச்சி 98 சதவீதத்தைத் தாண்டியதற்கு இந்த விதி ஒரு காரணம்.

இன்னொரு காரணம், யார் அறிவியல் படிக்கிறார்கள் என்பது. பத்தாம் வகுப்பில் அறிவியல் எல்லோருக்கும் பொது. பிளஸ் ஒன் சேர்க்கையில் அறிவியல் பிரிவான 'ஃபர்ஸ்ட் குரூப்' கேட்டு வருபவர்களைப் பள்ளிகள் பத்தாம் வகுப்பு மதிப்பெண்ணை வைத்து வடிகட்டுகின்றன. குறைவாக எடுத்தவர்கள் கலைப்பிரிவுக்கோ தொழிற்பிரிவுக்கோ போகிறார்கள். 2025 பிளஸ் டூவில் அறிவியல் பிரிவின் தேர்ச்சி 96.99 சதவீதம், கலைப்பிரிவின் தேர்ச்சி 82.90. வரலாறு இயற்பியலைவிடக் கடினம் என்று இதற்கு யாரும் பொருள் கொள்வதில்லை. வாசலிலேயே பிரித்துவிட்டு உள்ளே போய் ஒப்பிடுவதால் வரும் வித்தியாசம் அது.

ஒரு லட்சத்திலிருந்து 18 ஆயிரம்

சென்டத்தின் கதை வேறு. 2015-இல் பத்தாம் வகுப்பு அறிவியலில் 1,15,853 பேர் நூற்றுக்கு நூறு எடுத்தார்கள். தேர்வு எழுதியவர்களில் ஏறத்தாழ ஒன்பது பேருக்கு ஒருவர். அந்த ஆண்டு 500-க்கு 499 எடுத்து மாநில முதலிடத்தைப் பகிர்ந்துகொண்டவர்கள் 41 பேர். மறு ஆண்டு அறிவியல் சென்டம் 18,642. பன்னிரண்டே மாதத்தில் ஒரு மாநிலத்தின் பதினைந்து வயதுப் பிள்ளைகளுக்கு அறிவியல் மறந்துபோயிருக்காது. மாறியது கேள்வித்தாளும் திருத்தும் முறையும்தான்.

பிளஸ் டூ இயற்பியலில் ஆட்டம் இன்னும் பலம். 200-க்கு 200 எடுத்தவர்கள் 2013-இல் 36 பேர், 2014-இல் 2,710 பேர், 2015-இல் 124 பேர். 2016-இல் மாநிலம் முழுவதிலும் வெறும் ஐந்து பேர். அதே 2016-இல் வேதியியலில் 4,703 பேர் முழு மதிப்பெண் எடுத்திருந்தார்கள். முந்தைய ஆண்டு அந்தப் பாடத்தில் 1,049. ஒரே பிள்ளைகள், ஒரே பள்ளிகள், ஒரே ஆசிரியர்கள். ஒரு பாடம் சரிய, மற்றொன்று ஏறுகிறது.

முழு மதிப்பெண் என்பது விளிம்பில் நிற்கும் எண். நன்றாகப் படித்த பல்லாயிரம் பேர் 97-க்கும் 100-க்கும் இடையே குவிந்திருப்பார்கள். எதிர்பாராத ஒற்றை மார்க் கேள்வி ஒன்று, பாடத்தின் உட்பகுதியிலிருந்து எடுத்த ஒரு கட்டாய வினா, இவற்றில் ஒன்று போதும், அந்தக் கூட்டத்தில் 100-ஐத் தொட வேண்டியவர்கள் 99-க்கு இறங்கிவிடுவார்கள். எதிர்த்திசையிலும் அப்படியே. கேள்வியில் அச்சுப்பிழையோ மொழிபெயர்ப்புப் பிழையோ இருந்து, 'அட்டெண்ட் செய்த எல்லோருக்கும் மார்க்' என்று விடைக்குறிப்பில் முடிவானால் சென்டம் வீங்கும். சராசரி மதிப்பெண் இதில் அரை மார்க்கூட நகராமல் போகலாம்.

2017 வரை இந்த விளிம்பை ஓரளவு கணிக்க முடிந்தது. அதற்கு உதவியது 'ப்ளூ பிரிண்ட்'. எந்தப் பாடத்திலிருந்து எத்தனை மார்க் கேள்வி வரும் என்ற அட்டவணை அது. இயற்பியலில் எந்த அத்தியாயங்களை விட்டுவிட்டாலும் முழு மதிப்பெண் சாத்தியம் என்று ஆசிரியர்கள் விரல்விட்டுச் சொல்வார்கள். கைடுகளும் அதைச் சுற்றியே அச்சாயின. உண்டு உறைவிடப் பள்ளிகள் பலவற்றில் பிளஸ் ஒன் பாடம் ஒப்புக்கு நடக்கும். இரண்டு ஆண்டும் பிளஸ் டூ புத்தகமே ஓடும். அன்று பொறியியல், மருத்துவச் சேர்க்கை இரண்டுமே பிளஸ் டூ மதிப்பெண்ணைக் கொண்டே நடந்ததால், இந்த உழைப்புக்குக் கைமேல் பலன் இருந்தது.

2017 எல்லாவற்றையும் கலைத்தது. மருத்துவச் சேர்க்கை நீட் தேர்வுக்குப் போனது. முதல் மூன்று இடங்களை அறிவிக்கும் வழக்கத்தைப் பள்ளிக்கல்வித் துறை நிறுத்தியது. பிளஸ் ஒன்னுக்கும் பொதுத்தேர்வு அறிவிக்கப்பட்டு 2018 மார்ச்சில் முதல்முறையாக நடந்தது. ப்ளூ பிரிண்ட் கைவிடப்பட்டது. அண்ணா பல்கலைக்கழக முன்னாள் துணைவேந்தர் மு. அனந்தகிருஷ்ணன் தலைமையிலான குழுவின் வழிகாட்டுதலில் புதிய பாடநூல்கள் வந்தன. அறிவியல் நூல்கள் தடித்தன. கணக்குகளும் பயன்பாட்டு வினாக்களும் கூடின. புதிய நூல்கள் மாணவர்களுக்குப் பாரம் என்ற குறை அன்றே எழுந்தது, அதில் நியாயமும் இருந்தது. ஆனால் படத்தையும் வரையறையையும் மட்டும் மனப்பாடம் செய்து தப்பிக்கும் வழி குறுகியது என்பதும் உண்மை.

இடைவெளிக்குப் பிறகு

கொரோனா இந்த வரிசையை அறுத்தது. 2020-இல் பத்தாம் வகுப்புத் தேர்வு ரத்தாகி, காலாண்டு, அரையாண்டுத் தேர்வுகளுக்கு 80 சதவீதமும் வருகைப்பதிவுக்கு 20 சதவீதமும் கொடுத்து மதிப்பெண் போடப்பட்டது. 2021-இல் பிளஸ் டூவுக்கும் தேர்வு இல்லை. அந்த இரண்டு ஆண்டுகளின் 100 சதவீதத் தேர்ச்சியை எந்த ஒப்பீட்டிலும் சேர்க்கக் கூடாது. 2022-இல் குறைக்கப்பட்ட பாடத்திட்டத்துடன் தேர்வு திரும்பியபோது பத்தாம் வகுப்புத் தேர்ச்சி 90.07-க்கு இறங்கியிருந்தது. 2023-இல் 91.39, 2024-இல் 91.55, 2025-இல் 93.80. பிளஸ் டூ புதிய உச்சங்களைத் தொடும்போதும் பத்தாம் வகுப்பு 2025 வரை 2019-இன் அளவுக்குத் திரும்பவில்லை. பள்ளி மூடிக்கிடந்த காலத்தில் ஆறாம், ஏழாம் வகுப்பில் இருந்த பிள்ளைகள்தான் அண்மையில் பத்தாம் வகுப்பு எழுதியவர்கள்; தேக்கத்தின் ஒரு பகுதி அங்கிருந்து வந்திருக்கலாம்.

சென்டத்தின் துள்ளல் மட்டும் ஓயவில்லை. பிளஸ் டூ வேதியியலில் 2023-இல் 3,909, 2024-இல் 471, 2025-இல் 3,181. கணிதத்தில் முறையே 690, 2,587, 3,022. இயற்பியலில் 812, 633, 1,125. இந்த மூன்று பாடங்கள்தான் பொறியியல் கட்-ஆஃபைத் தீர்மானிக்கின்றன: கணிதத்துக்கு 100, இயற்பியலுக்கும் வேதியியலுக்கும் தலா 50, மொத்தம் 200. மூன்றிலும் சென்டம் எடுத்தால்தான் 200-க்கு 200. எனவே அந்த ஆண்டு எந்தப் பாடத்தில் சென்டம் மிகக் குறைவோ, அதுவே வாசலை அடைக்கும். 2023-இல் அது கணிதம், 2024-இல் வேதியியல். 200 கட்-ஆஃப் பெற்றவர்கள் 2023-இல் 102 பேர், 2024-இல் 65 பேர், 2025-இல் 144 பேர். மற்றப் பாடத்திட்ட மாணவர்களும் இதில் சேர்த்தி என்றாலும் போக்கு தெரிகிறது. 'போன வருஷம் இந்தக் கட்-ஆஃபுக்குக் கிடைத்த காலேஜ் இந்த வருஷம் ஏன் கிடைக்கவில்லை' என்று கலந்தாய்வில் குழம்பும் பெற்றோருக்கான விடை பெரும்பாலும் இங்கேதான் இருக்கிறது. கட்-ஆஃபைவிடத் தரவரிசை எண்ணைப் பார்ப்பதே பாதுகாப்பு.

தேர்வு நடத்தும் முறை முடிவை எவ்வளவு மாற்றும் என்பதற்குக் கர்நாடகம் சமீபத்திய எடுத்துக்காட்டு. 2024-இல் அங்கு பத்தாம் வகுப்புத் தேர்வு அறைகளில் கேமரா வைத்து நேரலையில் கண்காணித்தார்கள். முந்தைய ஆண்டு 83.89 சதவீதமாக இருந்த தேர்ச்சி, கருணை மதிப்பெண்ணைத் தாராளமாக உயர்த்திய பிறகும் 73.40-இல் நின்றது. 99 சதவீதத்துக்கு மேல் தேர்ச்சி காட்டும் கேரளம், எழுத்துத்தேர்வில் பாடத்துக்கு 30 சதவீதக் குறைந்தபட்சம் வேண்டும் என்று எட்டாம் வகுப்பிலிருந்து படிப்படியாகக் கொண்டுவரத் தொடங்கியிருக்கிறது. அகமதிப்பீட்டு மதிப்பெண்ணே பிள்ளையைக் கரைசேர்த்துவிடுகிறது என்ற கவலைதான் அதன் பின்னணி. தமிழ்நாட்டின் 75-க்கு 20 என்ற விதி அந்தக் கவலைக்குப் பாதி பதில் சொல்கிறது. பிளஸ் டூவின் 70-க்கு 15 அதையும் சொல்வதில்லை.

சதவீதம் எதைக் கொண்டு வகுக்கப்படுகிறது என்பதும் கவனிக்கத்தக்கது. தேர்வு எழுதியவர்களே வகுக்கும் எண்; பதிவு செய்துவிட்டு வராதவர்கள் கணக்கில் இல்லை. 2023 மார்ச்சில் பிளஸ் டூ முதல் நாள் தமிழ்த் தேர்வுக்கு 50 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் வரவில்லை என்ற செய்தி மாநிலத்தை உலுக்கியது. அந்த ஆண்டின் தேர்ச்சி 94.03 சதவீதம், 8,03,385 பேர் எழுதி 7,55,451 பேர் வெற்றி. வராத அந்த 50 ஆயிரம் பேரையும் வகுக்கும் எண்ணில் சேர்த்தால் விகிதம் 90-க்குக் கீழே போய்விடும். மறுபுறம், தவறியவர்களும் வராதவர்களும் துணைத்தேர்வு எழுதி அதே ஆண்டில் கல்லூரி சேரலாம். அவர்களின் வெற்றியும் மே மாதச் சதவீதத்தில் ஏறுவதில்லை.

2025 ஆகஸ்டில் வெளியான மாநிலக் கல்விக் கொள்கையையொட்டி, பிளஸ் ஒன் பொதுத்தேர்வு 2025-26 கல்வியாண்டிலிருந்து கைவிடப்பட்டது. மாணவர்களுக்கு ஒரு பொதுத்தேர்வுச் சுமை குறைகிறது. ஆனால் இயற்பியலிலும் வேதியியலிலும் அடிப்படைகள் பலவும் பிளஸ் ஒன் புத்தகத்தில்தான் இருக்கின்றன: நியூட்டன் விதிகள், வெப்ப இயக்கவியல், வேதிப்பிணைப்பு. பொதுத்தேர்வு இல்லாத நாட்களில் தனியார் பள்ளிகள் அந்தப் புத்தகத்தை என்ன செய்தன என்பது பழைய ஆசிரியர்களுக்கு நன்றாகவே நினைவிருக்கும். பிளஸ் டூ சதவீதத்தில் இதன் தாக்கம் தென்பட வாய்ப்பு குறைவு. நீட், ஜேஇஇ போன்ற நுழைவுத்தேர்வுகள் இரண்டு ஆண்டுப் பாடத்திலிருந்தும் கேள்வி கேட்பதால், விளைவு இருந்தால் அங்கேயும் பொறியியல் முதலாண்டு வகுப்பிலும்தான் முதலில் தெரியும்.