பங்கீட்டு அரிசியும் அதன் சத்து அளவும்

பெரியாற்றங்கரையிலுள்ள ஆலுவா வட்டத்தில், காலடியைச் சுற்றி அரிசி ஆலைகள் மிகுதி. கேரள அரசு உழவரிடம் கொள்முதல் செய்யும் நெல்லின் ஒரு பகுதி இவ்வாலைகளில் புழுங்கலரிசியாகிப் பங்கீட்டுக் கடைகளுக்குச் செல்கிறது. நெல்லை உமியோடு ஊறவைத்து அவிக்கும்போது, தவிட்டிலுள்ள தயாமின் என்னும் உயிர்ச்சத்து அரிசியின் உள்ளே ஊடுருவுகிறது. பிறகு தீட்டினாலும் அது முழுவதும் தவிட்டோடு போய்விடுவதில்லை. தீட்டிய பச்சரிசி உண்டோரை வாட்டிய பெரிபெரி நோய், புழுங்கலரிசி உண்டோரை அவ்வளவாக அணுகாததன் காரணம் இதுவே.

ஆனால் புழுக்குதலால் இரத்தச் சோகை நீங்காது. அரிசியில் இயல்பாகவே இரும்புச் சத்து குறைவு. இக்குறையை நிரப்பவே செறிவூட்டும் முறை வந்தது. 2018ஆம் ஆண்டின் இந்திய உணவுப் பாதுகாப்பு விதிகள், ஒரு கிலோ செறிவூட்டிய அரிசியில் 28 முதல் 42.5 மில்லிகிராம் இரும்பும், 75 முதல் 125 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலமும், சிறிதளவு பி12 உயிர்ச்சத்தும் இருக்க வேண்டுமென வகுத்தன. இச்சத்துகளை அரிசி மாவுடன் பிசைந்து, அச்சிலிட்டு, அரிசி வடிவில் செய்யப்பட்ட மணிகள் நூற்றுக்கு ஒன்று வீதம் கலக்கப்படும். 2021இல் அறிவிக்கப்பட்ட இத்திட்டம் 2024க்குள் பங்கீட்டுக் கடைகளுக்கும் பள்ளி உணவுக்கும் விரிவுபடுத்தப்பட்டது.

பள்ளி உணவின் அளவு வேறு வகையானது. தொடக்கப் பள்ளி மாணவருக்கு 450 கலோரியும் 12 கிராம் புரதமும் வேண்டும். அதற்கென 100 கிராம் அரிசி, 20 கிராம் பருப்பு, 50 கிராம் காய்கறி, 5 கிராம் எண்ணெய் ஒதுக்கப்படுகின்றன. அரிசி தரும் புரதம் ஏறக்குறைய 7 கிராமே. பருப்பைக் குறைத்துச் சோற்றைக் கூட்டினால் கலோரி நிறையும், புரதம் நிறையாது. சமையற்கூடத்தைப் பார்வையிடுவோர் முதலில் நோக்க வேண்டியது பருப்புப் பாத்திரத்தையே.

சோற்றை மிகுந்த நீரில் வேகவைத்து வடித்துக் கொட்டினால், நீரில் கரையும் சத்துகளில் ஒரு பகுதி வீணாகும். கேரளத்து இல்லங்களில் கஞ்சித் தண்ணீரை உப்பிட்டுப் பருகுவர். மிக நல்ல வழக்கம்.

சத்து வீணாக மற்றொரு காரணமும் உண்டு. செறிவூட்டிய மணிகள் சிவந்த மட்டை அரிசியினிடையே வெளுத்துத் தோன்றும். கழுவும்போது சில மிதக்கவும் கூடும். இவற்றைப் பிளாஸ்டிக் என்றஞ்சிப் பொறுக்கி எறிந்தோர் பல மாநிலங்களில் உண்டு. எறிந்தபின் எஞ்சுவது பழைய அரிசியே. ஆசிரியரும் களப்பணியாளரும் அத்தகைய மணிகள் சிலவற்றைத் தாய்மார் முன்னிலையில் தனியே வேகவைத்து, விரலால் நசுக்கிக் காட்டலாம். அவை சோற்றைப் போலவே குழையும்.